எலி ஆராய்ச்சிக்காரி

"வாயில்லாச் சீவனைப் போட்டு வதைக்கிறது பெரிய பாவம்..."

"வதைக்கேல்லையம்மா, நான் சொல்லுறதைக் கொஞ்சம்..."

"மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் மருந்துக் கொம்பனியில வேலை எண்டு சொல்லு. எலிக் கதை எடுத்தியோ, சம்பந்தம் சரிவராது!"

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் அருந்ததி பலகாரத் தட்டை அடுக்கியபடியே மகளோடு மல்லுக்கட்டினாள். மெல்பேர்னிலிருந்து லீவில் வந்திருந்த சிவானி குரலை உயர்த்தவில்லை.

"மனுசருக்கு மனச்சிதைவு ஏன் வருது எண்டு பாக்கத்தான், ஜீனை மாத்தி அந்த எலியளை வளர்க்கிறம்."

"எலிக்கு விசரெண்டு எப்பிடித் தெரியும்? வந்து சொல்லுமோ?"

"எலியைப் பெட்டியின்ர நடு அறையில விடுவம். ஒரு பக்கத்து அறையில இன்னொரு எலி இருக்கும். மற்றப் பக்கத்து அறையில ஒண்டும் இராது. நல்ல எலி துணையைத் தேடிப் போகும். எங்கட எலி ஒருத்தருமில்லாத அறைக்குள்ள போய்க் குந்திக்கொண்டிருக்கும்."

"அடைச்சு வைச்சால் குந்தாமல் என்ன செய்யும், பாவம்!"

கீழே கார் வந்து நின்றது. அருந்ததி சேலையைச் சரிசெய்தாள். பிறகு, யார் வந்தாலும் செய்வதுபோல, பின்னறைக்குள் இரண்டு வடையை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். உள்ளே மூத்தவன் மிதுஷன் இருந்தான். மனநோய் வந்த புதிதில் கதவைத் தட்டித் தட்டிக் கத்துவான். இப்போதெல்லாம் தட்டுவதில்லை.

சிவானி தாயின் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"எங்கட எலிக்கு ரெண்டு பக்கமும் கதவு திறந்துதான் இருக்கும், அம்மா."