பாதிரியார் படகேறக் கூடாது

“பாதிரியாரய்யா, படகை விட்டு இறங்குங்க! உங்களக் கண்டா ஒரு திமிங்கிலமும் கரைக்கு வராது!”

துடுப்பும் கையுமாக நின்ற பாதிரியார் செவரினுக்கு முகம் சிவந்தது. டென்மார்க்கிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. “இது சுத்த மூடநம்பிக்கை, ஹானுஸ்!”

“இருக்கட்டுமே. இந்த வருஷம் பார்லியும் போச்சு. இந்தத் திமிங்கிலக் கூட்டத்தையும் விட்டா, குளிர்காலம் பூரா உங்க பிரசங்கத்தத்தான் கடிச்சுத் திங்கணும். அது வேற ரொம்பக் கெட்டி.”

வேட்டை நாளில் ஹானுஸ் சொன்னால் எங்கள் தீவில் மறுபேச்சில்லை. செவரின் இறங்கி, கரை மேட்டிலிருந்த தன் வீட்டுக்குப் போய், ஜன்னல்களைப் போர்வையால் மூடிக்கொண்டார்.

“அக்கா, பிள்ளைத்தாச்சிங்கள உள்ள வச்சாச்சா? அவங்களக் கண்டாலும் திமிங்கிலம் திரும்பிடும்!” என்று ஹானுஸ் கரையைப் பார்த்துக் கத்தினார்.

“ரெண்டு பேரையும் வச்சுப் பூட்டியாச்சு. சாவி என் இடுப்புல” என்றாள் எல்ஸ்பா. “இந்தா நிக்கிறாளே சுன்னுவா, இவளையும் போகச் சொல்லுடா. ரெண்டு பாதிரியாரக் கட்டி, ரெண்டு பேரையும் பொதைச்சவ. இப்ப மூணாவது ஆளுக்கு வலை விரிக்கிறா.”

கறுப்புச் சால்வைக்குள் சுன்னுவா சிரித்தாள். “பயப்படாதீங்கக்கா. அவர் நாலு தடவை கேட்டுட்டார். நாலு தடவையும் மாட்டேன்னுட்டேன். இவரும் என்னாலதான் செத்தார்னு ஊர் பேச வேண்டாம்.”

படகுகள் பறந்தன. கல்லெறிந்து, கத்தி, கறுப்பு முதுகுகளைக் குடாவுக்குள் விரட்டினார்கள். நூறு இருக்கும்! இல்லை, நூற்றைம்பது! கரையிலிருந்த பெண்கள் அதற்குள் கறியைப் பங்கு பிரித்து, பங்குக்குச் சண்டையும் போட்டு முடித்துவிட்டார்கள்.

கரைக்குக் கூப்பிடு தூரத்தில் கூட்டம் சட்டென்று நின்றது. கடல் பக்கம் திரும்பத் தொடங்கியது.

“பாதிரியார் எட்டிப் பாக்குறார்!” ஹானுஸ் படகில் எழுந்து நின்று அலறினார்.

எல்ஸ்பா மேட்டுக்கு ஓடிப்போய்க் கதவிடுக்கில் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள். “இல்லடா! மூடநம்பிக்கைன்னவர் மேசைக்கடியில ஒளிஞ்சு ஜெபம் பண்றார்!”

“பிள்ளைத்தாச்சிங்க?”

“பூட்டு பூட்டினபடி இருக்கு!” எல்ஸ்பாவின் குரல் உடைந்தது. “ஐயோ, பிள்ளைங்களுக்கு என்னத்தக் குடுப்போம்?”

சுன்னுவா கடலைப் பார்த்தாள். எல்ஸ்பாவின் கண்ணீரைப் பார்த்தாள். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடேறி, ஊரே பார்க்கப் பாதிரியார் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கறுப்பு முதுகுகள் மெல்லத் திரும்பின. பிறகு மொத்தக் கூட்டமும் கரையைப் பார்த்துப் பாய்ந்து வந்தது!

முழங்கால் தண்ணீரில் நின்ற எல்ஸ்பா இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தாள். “ஹானுஸு, நான் தப்பா எண்ணிட்டேன்டா. ஊர்ல பிள்ளைத்தாச்சி மூணு பேரு.”

ஹானுஸ் தொப்பியைக் கழற்றினார். “பாதிரியார அஞ்சாவது தடவை கேக்கச் சொல்லுக்கா. கல்யாணச் சாப்பாட்டுக்குத்தான் கறி வந்துடுச்சே!”