பிலோமினா அக்காவின் கப்

இரண்டாவது கேக்கும் நடுவில் குழி விழுந்துவிட்டது. எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறும் அப்பாவுக்குச் சாயங்காலம் தோட்டத்தில் பிரியாவிடை. கேக் என் பொறுப்பு.

செய்முறை எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவிடம் நேராகப் போனேன்.

"எதக்கா ஒளிச்சு வெச்சீங்க? ரெண்டு கப் மாவு, ரெண்டு கப் சீனி, ஆறு முட்டைன்னுதானே எழுதினீங்க?"

"ஆமாலா."

"ஒரு கப் மாவு நூத்தி இருபத்தஞ்சு கிராம், சீனி இருநூறு. சிரம்பான் டவுன்ல வாங்கின தராசுல நிறுத்துப் போட்டேன். நான் ஃபூட் சயன்ஸ் படிச்சவக்கா!"

"கிராமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கப்புலதான் அளப்பேன்."

"எந்தக் கப்பு? காட்டுங்க!"

அக்கா மாவு டின்னுக்குள் கையை விட்டுப் பெரிய மக் ஒன்றை எடுத்தார். சாதாரணக் கப்பைப்போல் ஒன்றரை மடங்கு. ஆறு முட்டைக்கு நான் போட்ட மாவு எப்படிப் போதும்?

"இதைப் போய் கப்புன்னு எழுதுவாங்களா?" என்று பிடுங்கினேன்.

மக்கில், பட்டமளிப்பு அங்கியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். 'நம் தோட்டத்தின் முதல் பட்டதாரி' என்று அச்சடித்து அப்பா வீட்டுக்கு வீடு கொடுத்தது.

"ஒங்க வீட்டுலயும் இருக்குமே, அதுலயே அளந்திருக்கலாம்லா?"

எங்கள் வீட்டு மக்கை, மானம் போகிறதென்று அப்பாவிடம் கத்திவிட்டு, நானே குப்பையில் போட்டிருந்தேன்.