முக்கால் சுற்று

"ஏன் ஆண்டியப்பா, நீ குழாய ரிப்பேர் பண்றியா, இல்ல தடவிக் குடுத்துட்டுப் போறியா?"

பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தியின் குரல் கொல்லையைத் தாண்டித் தேயிலை மலைவரை கேட்டது. சேற்றில் குந்தியிருந்த ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தான்.

"போன தடவ நல்லாத்தாங்க முறுக்கினேன்."

"அதுக்கு முந்தின தடவ?"

"அதுவும் நல்லாத்தாங்க."

"அப்ப ஒழுகுறது யாரு, நானா?"

தோட்டத்துக்கே பைப் பாஸ் ஆண்டியப்பன் ஒருத்தன்தான். பாஸ் என்பது பெரிய பட்டம். பட்டத்தோடு இருந்த சொத்து இரண்டு ஸ்பேனரும் ஒரு சணல் உருண்டையும். நாடு சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. கிளாக்கர் வீட்டுக் குழாய்களுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வரவில்லை. வெள்ளைக்காரன் பூட்டிய அதே குழாய்கள். குளியலறைக் குழாய் இருமும். சுடுதண்ணீர்க் குழாய் முனகும், தண்ணீர் தராது. கக்கூஸ் தொட்டி ராப்பகலாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். அவற்றையெல்லாம் ஆண்டியப்பன் ஒருவாறு அடக்கிவிட்டான். கொல்லைப்புறத்துக் குழாய் மூட்டு மட்டும் மூன்று தடவையும் அவன் மானத்தை வாங்கிவிட்டது. இது நாலாவது.

கிளாக்கரின் மனைவி சண்முகவடிவு தேத்தண்ணீரோடு வந்தார். "என் லீக்ஸ் பாத்தி பூரா அழுகிப் போச்சு ஆண்டியப்பா. சேத்துல கால் வைக்க முடியல."

அவரைக் கண்டதும் கிளாக்கரின் குரல் இன்னும் ஏறியது. "நாளைக்குச் சனிக்கெழம துரை வீடு பாக்க வர்றாரு. அவரு கால்ல ஒரு சொட்டு ஈரம் பட்டா வேலையிலருந்து ஒம் பேர வெட்டிருவாராம். பேர் போனா லயத்துக் காம்பராவும் போயிரும். தெரியுமில்ல?"

தெரியும். தொழிலாளர் வரிசைவீட்டின் அந்த ஒற்றை அறையில்தான் அவன் பெண்சாதி வீரம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆண்டியப்பன் மூட்டைக் கழற்றினான். புதுச் சணல் சுற்றி, வெள்ளைப் பெயிண்ட் பூசி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். ஒழுக்கு நின்றது.

மறுநாள் துரை வந்தார். வெள்ளைக் காலுறை வெள்ளையாகவே திரும்பிப் போனது. போகும்போது "குட்" என்றாராம். அந்த ஒரு சொல்லை நெஞ்சில் மெடல் மாதிரி குத்திக்கொண்டு ஆண்டியப்பன் வீட்டுக்குப் போனான்.

வீட்டில் மெடலுக்கு மரியாதை இல்லை. வீரம்மா வெறுங்குடத்தை நங்கென்று வைத்தாள்.

"லயத்துப் பீலியில ஊத்துத் தண்ணி மறுபடியும் வத்திருச்சு. பன்னெண்டு காம்பராச் சனமும் கொடத்தத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு எறங்கி ஏறுது. நீங்க ஊருக்கெல்லாம் பைப் பூட்டுங்க!"

"நான் என்ன பண்றது? துரை பங்களாவுக்குப் புதுத் தொட்டி கட்டுனதுலருந்து நம்ம ஊத்து அப்பிடித்தான். வரும், போகும்."

"லயத்துக்கு ஒரு பைப் கேக்கக் கூடாதா?"

"கேட்டா, அடுத்த வருசம் பாப்போம்ங்கிறாரு துரை."

"கிளாக்கரய்யா சொல்லலாமுல்ல?"

"அவருக்கு என்னைய வையிறதுக்கே நேரம் பத்தல."

திங்கட்கிழமை காலையில் வீரம்மா நிறைகுடத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள். "பீலியில தண்ணி வந்துருச்சு!"

அவள் பின்னாலேயே கிளாக்கர் வீட்டு வேலைக்காரி அழகம்மா மூச்சு வாங்க வந்து நின்றாள். "அண்ணே, கொல்லையில திரும்ப ஒழுகுதாம். அம்மா ஒங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க."

'குட்' கழன்று விழுந்தது. ஐந்தாவது தடவை! இனி அந்தத் துரை தன்னை மனுசனாகக்கூட மதிக்க மாட்டார் என்று எண்ணிக்கொண்டே போய்ச் சேற்றில் குந்தினான். மூட்டைத் துணியால் துடைத்தான்.

நட்டில் பல் பல்லாகத் தடம் இருந்தது.

ஸ்பேனர் இப்படிக் கடிக்காது. தேயிலைப் பெட்டியில் ஆணி பிடுங்குகிற குறடுதான் இப்படிக் கடிக்கும்.

அவன் பார்வை முதல்முறையாகத் தண்ணீரோடு போயிற்று. லீக்ஸ் பாத்தியைச் சுற்றி, வேலிக்கு அடியில் புல்லுக்குள் யாரோ மண்வெட்டியால் கீறிவிட்டிருந்த வாய்க்காலில் இறங்கி, சரிவில் ஓடி, லயத்துப் பீலியின் ஊற்றுக்குழியில் போய் விழுந்தது தண்ணீர். ஒழுக்கு எங்கே என்று மோப்பம் பிடித்தே சொல்லிவிடுகிற பெரிய பாஸுக்கு, ஒழுகியது எங்கே போகிறது என்று பார்க்க ஐந்து தடவை ஆயிற்று!

"என்ன வேல செஞ்சிருக்க நீ? வெக்கமா இல்ல?" கிளாக்கர் கத்தினார். அவருடைய கோட்டுப் பை ஒரு பக்கம் கனத்துத் தொங்கியது. ஜன்னலில் சண்முகவடிவு நின்றிருந்தார்.

"தப்புத்தாங்க அய்யா."

ஆண்டியப்பன் எழுந்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் சின்ன ஸ்பேனரைக் கிளாக்கரின் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டான். உள்ளே இரும்பில் இரும்பு பட்டு 'கிணுங்' என்றது.

கிளாக்கரின் கை சட்டென்று பையைப் பொத்தியது.

"குறடு நட்டையே தின்னுருங்க," என்றான் ஆண்டியப்பன் மெதுவாக. "இத வச்சு முக்காச் சுத்துத் தளத்துங்க, போதும். பீலிக்கும் தண்ணி வரும், அம்மாவோட லீக்ஸும் பொழைக்கும். துரை வர்றதுக்கு மொத நாள் மட்டும் என்னையக் கூப்புட்டு, இதே மாதிரி நல்லாத் திட்டுங்க."