செய்தித்தாள் கட்டில்

வாங்கப்போகும் இரட்டைக் கட்டிலின் அளவுக்கு ஒட்டி விரித்த செய்தித்தாள்கள், மின்விசிறிக் காற்றில் தரையோடு படபடக்கின்றன. நாளை மருத்துவமனையிலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பவிருக்கும் தன் அண்ணனுக்கான சக்கர நாற்காலியை அவளுடைய கொழுந்தன் அருகில் திருப்பிப் பார்க்கிறான். சக்கரம் ஏறித் தாள் கிழிகிறது.

"இடம் பத்தல அண்ணி. ஒத்தைக் கட்டிலா வாங்கிடுவோம். நீங்க ஹால்ல படுத்துக்குங்க."

"உங்கண்ணன் குறட்டையிலேர்ந்து எனக்கு விடுதலைன்னு சொல்லுங்க." அவள் சிரிக்க முயல்கிறாள். சர்க்கரை தாழ்ந்து அந்தக் குறட்டை சட்டென நின்ற இரவில், பக்கத்தில் படுத்திருந்ததால்தான் அவள் விழித்துக்கொண்டாள். ஹாலில் படுத்தால் யார் விழிப்பது?

கொழுந்தன் கத்தரிக்கோலை எடுக்கிறான். அவள் விறுவிறுவென வந்து தன் பாதித் தாளின்மேல் படுத்துக்கொள்கிறாள்.

"என்ன அண்ணி இது, சின்னப்பிள்ளையாட்டம்?"

"வெட்டாதீங்க தம்பி. ஃபேனக் கொஞ்சம் நிறுத்துங்க."

விசிறி நிற்கிறது. வெறுமையான மறுபாதியை நோக்கி ஒருக்களித்து, அவள் மூச்சையடக்கிக் காதுகொடுக்கிறாள்.