சத்தமில்லாத சாக்ஸபோன்

"இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும், இந்தக் குழலைத் தூக்கி வித்துட்டுத்தான் மறுவேலை. லிஃப்டுல நம்ம வீட்டு நம்பரை ஒட்டினா அக்கம்பக்கத்துல எப்படி முகத்தைக் காட்டறது?"

டோங்பியோ கத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி மிரான் மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, மணி மூன்றே முக்கால்.

தென்கொரியாவின் தேகு நகரத்து அந்த அடுக்குமாடியில் அவர்களுக்கு எட்டாவது மாடி. நேர் கீழே ஏழாவது மாடியில், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் கூ. மனுஷன் நேரில் ஒரு வார்த்தை பேசமாட்டார். எதுவானாலும் காவலாளியிடம் சொல்லி, இன்டர்காமில் மணியடித்துத்தான் புகார்.

நாலு மணிக்கு வாசிக்கிறதென்றால் சரியாக நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டுமாம், நாலேகாலுக்கு இல்லையாம். அது முதல் புகார். நடுவில் நிறுத்தி, ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்கக் கூடாதாம். எடுத்த பாட்டை ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமாம். இது இரண்டாவது.

"ரிட்டயரானாலும் பீரியட் போடற புத்தி போகுமா?" என்று அப்போது டோங்பியோகூடச் சிரித்தான். இரண்டு தடவையும் கமலா ஆரஞ்சுப் பெட்டியோடு கீழே போய், இடுப்பொடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டது என்னவோ மிரான்தான். மூன்றாவது புகார் வந்தால் வீட்டு நம்பர் லிஃப்டில் ஏறிவிடும். அது அந்தக் கட்டடத்தின் சட்டம்.

வாரத்தில் ஐந்து நாளும் வங்கிக் கவுண்டரில் யார் யாரிடமோ பல்லைக் காட்டுகிறவள் அவள். சனிக்கிழமை நாலு மணிக்கு நேரலையில் சாக்ஸபோன் வாசிக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு உயிரே. நேரலையைப் பார்ப்பது வெறும் பதினோரு பேர்தான், இருக்கட்டுமே! அதையும் பிடுங்கிக்கொண்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

அதனால்தான் ஒலியை ஒயர் வழியாகவே வாங்கி அனுப்பும் இந்த மிக்ஸர் பெட்டி. அவளுடையது மின் சாக்ஸபோன். ஊதினால் தரையில் வைத்த ஸ்பீக்கரில் பாட்டு வரும், லேப்டாப் தன் சொந்த மைக்கில் அதைக் கேட்டு நேரலைக்கு அனுப்பும். இனிமேல் ஸ்பீக்கரே வேண்டாம். சாக்ஸபோனிலிருந்து ஒரு ஒயர் மிக்ஸருக்கு, மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்கு, காதில் ஹெட்போன். அவ்வளவுதான்.

"திரையில பச்சைக் கோடு ஆடுதே, சரியாயிடுச்சு போல" என்றான் டோங்பியோ.

"இருங்க, அவசரப்படாதீங்க." மிரான் லேப்டாப்பின் ஓரத்தை நகத்தால் தட்டினாள். பச்சைக் கோடு துள்ளியது. "பாத்தீங்களா? இது இன்னும் தன் காதாலதான் கேக்குது. மிக்ஸரைச் சீண்டவே இல்லை."

அமைப்புகளுக்குள் போய், ஒலி வரும் வழியில் லேப்டாப் மைக்கை எடுத்துவிட்டு மிக்ஸரைத் தேர்ந்தெடுத்தாள். மறுபடி தட்டினாள், கோடு அசையவில்லை. சாக்ஸபோனில் லேசாக ஊதினாள், கோடு ஜம்மென்று எழுந்து நின்றது.

"அடி சக்கை!" என்றான் டோங்பியோ.

சரியாக நாலு மணிக்கு நேரலை தொடங்கியது. மிரான் கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். அறைக்குள் கேட்டதெல்லாம் புஸ்... புஸ்... என்று அவள் மூச்சும், விரல்கள் கட்டைகளைத் தட்டும் சத்தமும்தான். டோங்பியோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்கு. ஆனா பார், முன்னைவிடப் பிரமாதமாக் கேக்குதுன்னு எழுதறாங்க. பதிமூணு பேர் ஆயிட்டாங்க! ஹெட்மாஸ்டர் இன்னிக்கு நிம்மதியாக் கால் நீட்டிப் படுத்திருப்பார்."

மிரானுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

நாலு பத்துக்கு இன்டர்காம் அலறியது.

"எட்டாவது மாடியா? ஹெட்மாஸ்டர் ஐயா கொதிச்சுப் போயிருக்காருங்க. நேர்லயே மேல வர்றாரு." காவலாளியின் குரல்.

"இங்க சத்தமே போடலையே!" என்றான் டோங்பியோ.

"எனக்கென்னங்க தெரியும்? இப்படிப் பண்ணினா என்ன அர்த்தம்னு குதிக்கிறாரு."

கதவு தடதடவென்று இடிபட்டது. மிரான் மிக்ஸரின் குமிழைத் திருகி ஒலியை அடக்கிவிட்டு, சாக்ஸபோனைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆரஞ்சு இருக்கா?" என்று கிசுகிசுத்தான் டோங்பியோ.

"தீந்து போச்சு."

"நம்ம கதையும்தான்." கதவைத் திறந்தான்.

வாசலில் ஹெட்மாஸ்டர் கூ. மேலே ஜிகினா மினுக்கும் மேடைக் கோட்டு, வழித்துச் சீவிய தலை, கீழே கட்டம் போட்ட பைஜாமா. கழுத்திலிருந்து பளபளவென்று ஒரு பித்தளை சாக்ஸபோன் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு.

மிரான் ஓடி வந்து குனிந்தாள். "மன்னிச்சுக்கங்க ஐயா! எப்படிச் சத்தம் வந்துச்சுன்னே தெரியலை..."

"வரலையேம்மா!" ஹெட்மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் பழைய மாணவங்க இருநூறு பேர் நேரலையில உக்காந்திருக்காங்க. பத்து நிமிஷமா இதை வாயில வெச்சுக்கிட்டு நிக்கிறேன். சீக்கிரம் அந்த ஸ்பீக்கரைப் போடும்மா, எனக்கு ஊதவே தெரியாது!"