ஆர்டித் மனப்பாடமாகச் சொன்னது

பாதையின் குறுக்கே மலைச்சிங்கம் நின்றது.

இருபதடி தூரம்கூட இருக்காது. பிடரியில்லாத அந்தப் பழுப்புப் பெரும்பூனையின் வால் நுனி மட்டும் ஆடியது.

ஆர்டித் அப்படியே நின்றாள். பின்னால் வெர்லினின் காலடியும் நின்றது. அவளுடைய அக்காவின் கணவன். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன்.

ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் அன்று. குன்றின் உச்சியில் சூரியன் எழுவதைப் பார்க்க அவள் ஆண்டுதோறும் வருவாள். இந்த முறை அவன், கூப்பிடாமலே கூட வந்துவிட்டான்.

"ஓடிடாத வெர்லின். ஓடினா துரத்தும்."

"உன் சாமிங்கள்ல ஏதாவது ஒண்ணைக் கூப்பிடேன்."

"எனக்குச் சாமியே கிடையாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"அப்புறம் எதுக்கு வெயிலுக்கும் மரத்துக்கும் பண்டிகை?"

"அதெல்லாம் இருக்குதே, அதுக்கு."

மலைச்சிங்கம் தோளைத் தாழ்த்தியது. ஓர் அடி முன்னால் வைத்தது.

உருவத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும், உரக்கப் பேச வேண்டும். மேலங்கியை இரு கைகளாலும் விரித்து உயர்த்தினாள். என்ன பேசுவது? மனப்பாடமாக இருந்ததுதான் வாயில் வந்தது.

"உன் எலும்பின் சுண்ணாம்பு விண்மீனில் வெந்தது! உன் இரத்தத்தின் உப்பு கடலுடையது! யாரும் உன்னை அனுப்பவில்லை! யாரும் உன்னைத் திரும்ப அழைக்கவும் இல்லை! ஆனாலும் நீ வந்தாய், எங்களோடு இருந்தாய்! இதற்கு மேல் என்ன அதிசயம் வேண்டும்!"

குரல் சரிவில் மோதித் திரும்பியது.

அப்போது முகட்டைத் தாண்டி வெளிச்சம் விழுந்தது. அந்தப் பழுப்பு உடல் பொன்னாகியது. மூச்சு ஆவியாக எழுந்தது. விலா ஏறி இறங்கியது, அவளுடையதைப் போலவே. ஒரு கணம் அவளுக்குப் பயப்படவே மறந்துபோயிற்று.

மலைச்சிங்கம் காதுகளை நிமிர்த்தியது. பிறகு திரும்பி, ஒரு சுள்ளிகூட முறியாமல் புதருக்குள் நழுவியது.

ஆர்டித் தரையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். வெர்லின் அழுதுகொண்டிருந்தான்.

"இது கொரின்னுக்கு எழுதினதுதானே?"

தலையாட்டினாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், அக்கா கொரின்னின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இதுல கர்த்தர் பேரு இருக்கா?" என்று மட்டும் கேட்டு, ஆர்டித் எழுதியிருந்த இரங்கலுரைத் தாளைப் பிரிக்காமலே அவள் கையில் திருப்பித் திணித்தவன் அவன்.

வெர்லின் தொப்பியைக் கழற்றினான்.

"மிச்சத்தையும் சொல்லு."