மசூதை நீக்கு

“மசூத் ஒரு சோம்பேறி, பாரபட்சக்காரன். குருவிக்கும் காக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத செவிடு. உடனே நீக்குங்கள்!”

கைப்பேசியில் அதை இன்னொரு முறை படித்துவிட்டு மசூத் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அன்னாபா நகரத்துப் பாட்டுக்குருவி வளர்ப்போரின் இணைய மன்றத்துக்கு ஒன்பது வருடமாக அவர்தான் நிர்வாகி. வாக்கெடுப்பு முடியப் பத்து நிமிடம் இருந்தது.

மன்றத்தின் விதி அப்படி. யார் என்ன மாற்றம் கேட்டாலும், கேட்டவர் பெயரை மறைத்து ஒரு வாரம் வாக்குக்கு விட வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கு என்பார் ஒருவர், கண்ணை உறுத்துகிறது சின்னதாக்கு என்பார் மற்றவர். கூண்டு விற்பவர்களைத் துரத்து என்று ஒரு கூட்டம், அவர்களுக்குத் தனிப்பகுதி கொடு என்று இன்னொரு கூட்டம். நடுவில் மாட்டிக்கொண்டு வசை வாங்குவது மசூத். இந்த ஒன்பது வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது மனிதர் மதியச் சாப்பாட்டுக் குஸ்குஸைச் சூடாகச் சாப்பிட்டிருப்பாரா? பாவம்.

எங்கள் ஊரில் ‘கிளம்புகிறேன்’ என்பவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பதுதான் மரியாதை. போன வருடம் உடம்பு சரியில்லை, விலகிக்கொள்கிறேன் என்று மசூத் எழுதியபோது, முப்பது பேர் பேரீச்சம்பழ மக்ரூத் இனிப்புத் தட்டுகளோடு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அப்படித் தாங்கிய மன்றத்தில் இப்போது இப்படி ஒரு வசை!

மனைவி சுலைக்காவும் மகள் ரீமாவும் எதிரே உட்கார்ந்து தங்கள் கைப்பேசிகளையே பார்த்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேரைப் போல அவர்களும் உறுப்பினர்கள்தான். யாரும் தட்டில் கை வைக்கவில்லை.

போன் அடித்தது. ரொட்டிக்கடை லக்தர்.

“அண்ணே, கவலையே படாதீங்க! எவனோ பேரு சொல்ல தைரியமில்லாத நாய் எழுதியிருக்கான். ஊரையே திரட்டிட்டேன். வல்லாஹி, உங்கள அசைக்க விடமாட்டோம்!”

“உனக்கு எதுக்குப்பா வீண் சிரமம்...” என்றார் மசூத்.

“சிரமமா? கூண்டு விக்கிறவனுங்களே உங்களுக்குத்தான் போட்டிருக்கானுங்க!”

மணி இரண்டு. முடிவு வந்தது. நீக்கலாம்: மூன்று. நீக்கக்கூடாது: நானூற்றுப் பன்னிரண்டு.

லக்தர் வீட்டுப் பெண்கள் போனிலேயே குலவையிட்டார்கள்.

“அந்த மூணு துரோகிங்க யாருன்னு மட்டும் தெரியட்டும், தோலை உரிச்சிடறேன்!” என்று கத்தினார் லக்தர். “இதோட விட்டேனா? நானும் ஒரு ஆலோசனை போட்டிருக்கேன். மசூத் அண்ணன்தான் ஆயுசுக்கும் நிர்வாகி! அதுக்குள்ள அம்பது ஓட்டு விழுந்தாச்சு!”

மசூத் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். கண்ணில் நீர் முட்டியது. சுலைக்கா ஆறிப்போன குஸ்குஸை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

ரீமா பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டாள்.

“நம்ம வீட்டு மூணு ஓட்டுதான் விழுந்திருக்கு. நீங்க இன்னும் கேவலமா எழுதியிருக்கணும்ப்பா!”